கால்நடை கேள்வி பதில்: அடைப்பான் ஊசி வேலை செய்யுதுன்னு எப்படி தெரியும்?

மழைக்கு முன்னாடி போட வேண்டிய ஊசிங்களை பத்தி போன இதழ்ல எழுதினேன்ல, அதுக்கு வந்த கடிதம், வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அடைப்பான் பத்திதான். அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே குடுத்துட்டேன், ஒரே மாதிரி இருந்த கேள்விங்களை சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. முதல்லயே ஒன்னு சொல்லிடறேன், இங்க பேசறது அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். தொண்டை அடைப்பான் வேற, சப்பை நோய் வேற, ஒன்னுக்கு போட்ட ஊசி இன்னொன்னுக்கு உதவாது, கார்டுல எது போட்டிருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு மேல படிங்க.

கேள்வி: வருஷா வருஷம் ஊசி போடறாங்க, நாங்களும் மாட்டை புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். ஆனா ஊசி போட்ட மாட்டுக்கு நெஜமாவே நோயை குடுத்து, அது சாகலைன்னு யாராவது பாத்திருக்காங்களா சார்? இல்ல எல்லாம் ஒரு நம்பிக்கைதானா?
(ஆலங்காயம் பக்கத்து வாசகர்)

பதில்: பாத்திருக்காங்க, அதுவும் ஊரையே கூட்டி வச்சு பாத்திருக்காங்க. 1881-ல பிரான்ஸ்ல, மெலுன்ங்கிற ஊருக்கு பக்கத்துல புயி-லெ-ஃபோர்னு ஒரு கிராமம். அங்க ரொசிஞோல்னு ஒரு கால்நடை டாக்டர், அவருக்கு இந்த கிருமி சமாச்சாரத்துல எல்லாம் பெருசா நம்பிக்கை கிடையாது, பாரிஸ் விஞ்ஞானி பாஸ்டர் என்னமோ ஊசி கண்டுபுடிச்சிருக்கேன்னு சொல்றாரே, நம்ம பண்ணைக்கே வந்து எல்லார் முன்னாடியும் செஞ்சு காட்டட்டும்னு அந்த ஊர் விவசாய சங்கம் மூலமா ஏற்பாடு பண்ணிட்டார். லூயி பாஸ்டரும் சரின்னுட்டார்.

சங்கம் 60 செம்மறி குடுத்துச்சு. அதுல 10-ஐ எதுவுமே பண்ணாம தனியா நிறுத்திட்டாங்க. மீதி 50-ல ரெண்டு செம்மறிக்கு பதிலா ரெண்டு வெள்ளாடு, பாதிக்கு ஊசி, பாதிக்கு இல்ல. மாடு 10, அதுல 6-க்கு ஊசி. மே 5 முதல் ஊசி, மே 17 ரெண்டாவது, மே 31 அன்னிக்கு ஊசி போட்டது போடாதது எல்லாத்துக்கும் நிஜமான, கொல்லக்கூடிய அடைப்பான் கிருமி.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது அந்த மே 31 தான். கூடியிருந்த டாக்டருங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. பியோ-ன்னு ஒருத்தர், கிருமி இருக்கிற குழாயை வாங்கி நல்லா குலுக்கு குலுக்குன்னு குலுக்கி குடுத்தார், ஏன்னா வீரியமானது அடியில தங்கிடும், மேல இருக்கிற தண்ணிய ஊசி போட்ட ஆட்டுக்கும் அடியில இருக்கிறதை போடாத ஆட்டுக்கும் ஏத்திட்டா என்ன பண்றதுன்னு அவருக்கு சந்தேகம். இன்னொருத்தர் டோஸை மூணு மடங்கா ஏத்துங்கன்னார். ஊசி போட்டது ஒன்னு, போடாதது ஒன்னுன்னு மாத்தி மாத்திதான் குத்தணும்னாங்க. பாஸ்டர் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார். இன்னிக்கு எந்த மருந்தை டெஸ்ட் பண்ணாலும் பாக்கற நேர்மை விஷயம் எல்லாம் இந்த மூணு சந்தேகத்துக்குள்ளயே இருக்கு. சந்தேகப்படற ஆளு பக்கத்துல இருந்தாதான் டெஸ்ட் டெஸ்டா இருக்கும்.

ஜூன் 2 மதியம் எல்லாரும் வந்து பாக்கறப்ப, ஊசி போடாத 24 செம்மறில 21 செத்து வரிசையா கிடந்துச்சு, வெள்ளாடும் காலி, இன்னும் ரெண்டு செம்மறி வந்தவங்க கண்ணு முன்னாடியே விழுந்துச்சு, கடைசி ஒன்னு அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு. ஊசி போட்டதெல்லாம் மேஞ்சுக்கிட்டு நின்னுச்சு. மாட்டுல ஊசி போடாத நாலும் சாகல, ஆனா குத்தின இடத்துல பெரிய வீக்கம், காய்ச்சல். ஊசி போட்ட ஆறுக்கும் அது கூட இல்ல. அப்புறம் ஒரு ஊசி போட்ட பெண் செம்மறி கொஞ்சம் தள்ளி செத்துச்சு, அறுத்து பாத்தா சினை, குட்டி வயித்துக்குள்ள முன்னாடியே செத்திருக்கு, அதனால அது இந்த கணக்குல வராதுன்னுட்டாங்க. இதையும் மறைக்காம சொல்லணும்ல.

மறைச்சது வேற ஒன்னு. காத்துல வச்சு கிருமியை வலு குறைச்சேன்னு பாஸ்டர் வெளிய சொன்னதை நம்பி, அன்னிக்கு போட்ட ஊசியும் அப்படி செஞ்சதுதான்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க, ஆனா அன்னிக்கு நிஜமா போட்டது அவரோட ஆளு ஷாம்பர்லான் பொட்டாசியம் டைக்ரோமேட் போட்டு வலு குறைச்ச ஊசி. பாஸ்டரோட லேப் நோட்டை பின்னாடி ஆராய்ச்சி பண்ணவங்க படிச்சப்ப இது உறுதியாச்சு. ரசாயனம் போட்டு வலு குறைக்கிற வழியில துலூஸ் ஊர் கால்நடை டாக்டர் தூசான் முந்தின வருஷமே போயிருந்தார், அந்த மனுஷனுக்கு கிடைச்சிருக்க வேண்டிய பேரு கிடைக்கல. ஊசி வேலை செஞ்சது உண்மை, சொன்ன விதம் சரியில்ல, ரெண்டையும் சேத்தே ஞாபகம் வச்சுக்கலாம்.

எல்லா இடத்துலயும் இப்படி கைதட்டலும் கிடைக்கல. அடுத்த வருஷம் இத்தாலில டூரின் கால்நடை பள்ளியில இதே மாதிரி செஞ்சாங்க, ஊசி போட்டது போடாதது எல்லாமே செத்துப்போச்சு. பாஸ்டர் என்ன சொன்னார்னா, நீங்க செத்து ஒரு நாளுக்கு மேல ஆன ஆட்டு ரத்தத்தை எடுத்து குத்தியிருக்கீங்க, அதுல அழுகல் கிருமியும் சேந்திருக்கும், அடைப்பானை தடுக்கிற ஊசி அதையுமா தடுக்கும்னார். டூரின்காரங்க ஒத்துக்கல, ரெண்டு பக்கமும் செம சண்டை. ஆனா நோய் குடுத்து பாக்கற டெஸ்ட்ல எந்த நோயை, எவ்வளவு, எங்க இருந்து எடுத்து குடுக்கறோம்ங்கிறதுலயே பாதி முடிவு அடங்கியிருக்குன்னு அந்த சண்டையில எல்லாருக்கும் புரிஞ்சுச்சு.

கேள்வி: இப்ப நம்ம ஊர்ல போடறதும் அதே பாஸ்டர் ஊசிதானா?
(வாணியம்பாடி வாசகி)

பதில்: இல்லம்மா. பாஸ்டர் ஊசில ரெண்டு டோஸ் போடணும், ஒரு பேட்ச் வலு அதிகமாகி ஆட்டை கொல்லும், ஒரு பேட்ச் வலு குறைஞ்சு ஒன்னும் தடுக்காது, இந்த தொல்லை இருந்துக்கிட்டே இருந்துச்சு. இப்ப உலகம் பூரா பெரும்பாலும் போடறது ஸ்டெர்ன் ஊசி. தென் ஆப்பிரிக்காவுல 1923-ல மட்டும் 30 ஆயிரத்துல இருந்து 60 ஆயிரம் கால்நடை வரைக்கும் அடைப்பான்ல செத்திருக்கும்னு கணக்கு, அப்படிப்பட்ட நாடு. அங்க ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துல மேக்ஸ் ஸ்டெர்ன்ங்கிறவர் 1937-ல மேல் உறை இல்லாத ஒரு கிருமியை பிரிச்சு எடுத்தார், 34எஃப்2-ன்னு பேரு. இந்த கிருமிக்கு ரெண்டு ஆயுதம், ஒன்னு விஷம், ஒன்னு உடம்போட பாதுகாப்பு செல் முழுங்காம இருக்க மேல ஒரு உறை. ஸ்டெர்ன் கிருமியில உறை கிடையாது, அதனால நோய் பரப்ப முடியாம செத்துடும், ஆனா விஷத்தை கொஞ்சம் விடும், மாட்டோட உடம்பு அந்த விஷத்துக்கு எதிர்ப்பை கத்துக்கும். பாஸ்டரோட கிருமியில இது அப்படியே தலைகீழ், உறை இருந்துச்சு, விஷம்தான் குறைஞ்சு போயிருந்துச்சுன்னு ரொம்ப வருஷம் கழிச்சு 1980-கள்லதான் கண்டுபுடிச்சாங்க. அது எந்த தைரியத்துல அவ்வளவு வருஷம் ஓடுச்சோ!

நம்ம பக்கம் ராணிப்பேட்டையில 1932-ல ஆரம்பிச்ச கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இருக்கே, அங்கயே அடைப்பான் ஸ்போர் ஊசி தயார் பண்றாங்க. ஸ்போர்னா கிருமி கெட்டியா ஓடு கட்டிக்கிட்டு தூங்கற நிலை, விதை மாதிரி.

கேள்வி: ஒவ்வொரு பேட்ச் ஊசியையும் மாட்டுக்கு போட்டு, நோய் குடுத்து பாத்துட்டுதான் வெளிய விடுவாங்களா? பாட்டில்ல ‘டெஸ்ட் செய்யப்பட்டது’ன்னா என்ன அர்த்தம்?
(கால்நடை மருத்துவம் படிக்கிற மாணவர், நாமக்கல்)

பதில்: தம்பி, நல்ல கேள்வி, பரீட்சைக்கும் உதவும். மாட்டுக்கு குடுக்கறதில்ல. அடைப்பான் குடுத்து ஒரு மாட்டை கொன்னா அந்த ரத்தம், சாணி, மண்ணு எல்லாத்துலயும் ஸ்போர் இறங்கும், பல வருஷத்துக்கு சாகாது, அதுக்குன்னு தனி பாதுகாப்பு கட்டடம் வேணும், செலவும் தாங்காது, பாவமும் கூட. அதனால பேட்ச் டெஸ்ட்டை சின்ன பிராணில பண்றாங்க.

முதல்ல ஸ்போர் எண்ணிக்கை. ஊசி மருந்தை படிப்படியா தண்ணி கலந்து நீர்க்க வச்சு, அகார் தட்டுல (கிருமி வளக்கற ஜெல்லி தட்டு) தடவி, மறுநாள் எத்தனை காலனி, அதாவது கிருமி கூட்டம், முளைச்சிருக்குன்னு எண்ணுவாங்க. உயிரோட இருக்கிற ஸ்போர்தான் முளைக்கும், அதனால இது உசிரு இருக்கிற கணக்கு. மாடு, எருமைக்கு ஒரு டோஸ்ல 20 லட்சத்துக்கு குறையக்கூடாது, ஆட்டுக்கு 10 லட்சத்துக்கு குறையக்கூடாதுன்னு சர்வதேச வழிகாட்டுதல் இருக்கு. வேற கிருமி கலந்திருக்கான்னு பாப்பாங்க, ஆட்டுக்கு கூடுதல் டோஸ் போட்டு பாதுகாப்பா இருக்கான்னு பாப்பாங்க.

அப்புறம்தான் நீங்க கேக்கற விஷயம், வீரியம். கினி பிக்குங்களுக்கு (லேப்ல வளக்கற, எலி இனத்து சின்ன பிராணி) ஊசி போட்டு 21 நாள் விடுவாங்க. அதுக்கப்புறம் ஊசி போடாத சில கினி பிக்கையும் சேத்து வச்சு, எல்லாத்துக்கும் அடைப்பான் கிருமி, சாகறதுக்கு தேவையான அளவுக்கு 100 மடங்குக்கு குறையாம. 10 நாள் பாப்பாங்க. ஊசி போட்டது பிழைக்கணும், போடாதது சாகணும். போடாதது சாகலைன்னா அந்த டெஸ்ட்டே செல்லாது, ஊசி பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. நோய் குடுக்க பயன்படுத்தற கிருமி 17ஜேபி-ன்னு ஒன்னு, அது யாருன்னு பாத்தா பாஸ்டரோட பழைய ரெண்டாவது ஊசி கிருமி வம்சம்! அன்னிக்கு தடுப்பூசியா போனது இன்னிக்கு தடுப்பூசிக்கு பரீட்சை வைக்குது.

இதுல ஒரு விஷயம் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. பேட்ச் பாஸ்னா, இந்த பாட்டில்ல இருக்கிற மருந்து ஃபேக்டரியை விட்டு கிளம்பறப்ப சரியான தரத்துல இருக்குன்னு அர்த்தம். உங்க கொட்டகையில இருக்கிற 10 மாட்டுல எத்தனைக்கு பாதுகாப்பு வந்திருக்குன்னு அந்த டெஸ்ட் சொல்லாது, சொல்லவும் முடியாது. அங்க இருந்து இங்க வர்றதுக்குள்ள ஐஸ் பாக்ஸ்ல ஐஸ் இருந்துச்சா, ஃப்ரீசர்ல வச்சு உறைய விட்டாங்களா, பாட்டிலை குலுக்கினாங்களா (ஸ்போர் அடியில தங்கும், அந்த பியோ டாக்டரோட சந்தேகம் இங்கயும் பொருந்தும், குலுக்காம எடுத்தா முதல் மாட்டுக்கு வெறும் தண்ணி கணக்கா போகும், கடைசி மாட்டுக்கு மொத்தமும்), தோலுக்கு அடியில போச்சா, இல்ல மாடு துள்ளினதுல முடி மேல போச்சா, எல்லாம் இருக்கு. படிச்சு முடிச்சுட்டு வேலைக்கு போறப்ப மத்ததை மறந்தாலும் பாட்டிலை குலுக்க மறக்காதீங்க.

ஆமா, ஆட்டுலயே நேரடியா நோய் குடுத்து பாத்த ஆராய்ச்சியும் இருக்கு, தென் ஆப்பிரிக்காவுல பிரிட்டோரியா பல்கலைக்கழகத்துக்காரங்க வெள்ளாட்டுக்கு ஸ்டெர்ன் ஊசி போட்டு பாத்திருக்காங்க, ரெண்டாவது டோஸ் போட்டா எதிர்ப்பு நல்லா ஏறுது. அது ஆராய்ச்சிக்கு. தினசரி பேட்சுக்கு கினி பிக்தான்.

கேள்வி: எங்க ஊர்ல அடைப்பான் வந்துச்சுன்னு எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாங்க. போட்ட அஞ்சாம் நாள் என் கறவை மாடு செத்துப்போச்சு, மூக்குல ரத்தம். ஊசி டூப்ளிகேட்டா, இல்ல ஊசியே நோயை குடுத்துடுச்சா? யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.
(பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகர்)

பதில்: கறவை மாடு போறது எவ்வளவு பெரிய அடின்னு தெரியும்ங்க, வருத்தமா இருக்கு. நேரா விஷயத்துக்கு வர்றேன்.

ஊசி போட்ட அன்னிக்கே பாதுகாப்பு வந்துடாது. உடம்புக்குள்ள எதிர்ப்பு உருவாக ஒன்னுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். அடைப்பான் கிருமி உள்ள போய் மாடு விழறதுக்கு சாதாரணமா 3-ல இருந்து 7 நாள், சில நேரம் ரெண்டு வாரம் வரைக்கும் போகும். அப்ப ஊர்ல நோய் வந்ததுக்கு அப்புறம் போட்ட ஊசில, அஞ்சாம் நாள் செத்த மாடு ஊசி போடறதுக்கு முன்னாடியோ, போட்ட கையோடவோ கிருமியை மேஞ்சிருக்கும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 1997-ல பெரிய அளவுல வந்துச்சு, 83 பண்ணை, 200-க்கு மேல மாடு போச்சு, சுத்து வட்டாரத்துல 78 ஆயிரத்துக்கு மேல மாட்டுக்கு ஊசி போட்டாங்க, அங்கயும் ஊசி போட்ட பிறகு கொஞ்ச நாளைக்கு சில மாடு செத்துக்கிட்டுதான் இருந்துச்சு, அப்புறம்தான் அடங்குச்சு. அதனால ஊசியோட பலனை கணக்கு பாக்கறவங்க போட்ட முதல் ரெண்டு வாரத்து சாவை தனியா பிரிச்சுதான் வைப்பாங்க.

ஊசியே நோயை குடுத்துச்சாங்கிறதுக்கு ஒரு நேரடி வழி இருக்கு. செத்த மாட்டோட காது நரம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடி ஸ்லைடுல தடவி, பாலிகுரோம் மெத்திலீன் ப்ளூ சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க. ஊர் அடைப்பானா இருந்தா நீலமா குச்சி குச்சியா கிருமி, அதை சுத்தி ரோஸ் கலர்ல உறை தெரியும். ஊசில இருக்கிற ஸ்டெர்ன் கிருமிக்கு உறையே கிடையாதுன்னு மேல சொன்னேன்ல, அப்ப ரோஸ் கலர் தெரிஞ்சா அது ஊசில இருந்து வந்தது இல்ல, மண்ணுல இருந்து வந்தது. உங்க மாட்டுக்கு ஸ்லைடு எடுத்தாங்களான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அந்த ரிசல்ட்டை கேட்டு வாங்கற உரிமை உங்களுக்கு இருக்கு, பதில் சொல்லாம மழுப்பறது சரியில்ல.

மத்தவங்களுக்கும் சொல்றேன், மூக்கு, வாய், ஆசனவாய்ல உறையாத ரத்தம் வந்து திடீர்னு செத்த மாட்டை அறுக்காதீங்க, தோல் உரிக்காதீங்க, கறி பங்கு போடாதீங்க. அறுத்தா காத்து பட்டு கிருமி ஸ்போரா மாறும், அப்புறம் அந்த இடத்துல எந்த காலத்துல எந்த மாடு மேஞ்சு சாகும்னே சொல்ல முடியாது. டாக்டருக்கு போன் போட்டுட்டு, நாய் காக்கா கிட்ட வராம காவல் இருங்க, அது போதும்.

கேள்வி: அடைப்பான் ஊசி போட்ட அன்னிக்கே மடிநோய்க்கு பெனிசிலினும் போட்டாங்க. பரவாயில்லையா?
(திருவண்ணாமலை மாவட்ட வாசகி)

பதில்: பரவாயில்லைன்னு சொல்ல மாட்டேன். இது உயிருள்ள ஊசி, உள்ள போன ஸ்போர் முளைச்சு கொஞ்சம் வேலை செஞ்சாதான் எதிர்ப்பு வரும், பெனிசிலின் அதை முளைக்கறப்பவே கொன்னுடும். மடிநோய் வைத்தியத்தை நிறுத்தாதீங்க, அது முடிஞ்சு மருந்து உடம்புல இருந்து இறங்கினதும் அடைப்பான் ஊசியை திரும்ப போட்டுக்கலாம், எத்தனை நாள்ங்கிறதை போட்ட மருந்தோட பேரை வச்சு டாக்டர்தான் சொல்லணும். வெள்ளாட்டுக்கு குத்தின இடத்துல வீங்குதுன்னு கேட்ட மூணு பேருக்கும் இங்கயே: வெள்ளாட்டுக்கு இந்த ஊசி கொஞ்சம் கடுமையாதான் இருக்கும், எதிர்ப்பை தூண்டி விட ஊசில சப்போனின்னு ஒரு பொருள் சேக்கறதும் ஒரு காரணம், சில நாள்ல வத்தலைன்னாலோ ஆடு மேயலைன்னாலோ உடனே கூட்டிட்டு போங்க.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷமா ஊசியே போடறதில்ல, அவர் ஆட்டுக்கு ஒன்னும் ஆகல. எங்களை பாத்து சிரிக்கிறார்.
(ஊத்தங்கரை வாசகர்)

பதில்: மழையே பெய்யாத வருஷத்துல குடை எதுக்குன்னு சிரிக்கிற மாதிரிதான் இது. அவர் ஆடு மேயற இடத்துல ஸ்போர் இல்லாம இருந்திருக்கலாம், இல்ல ஊர்ல எல்லாரும் போட்டதால அவர் பக்கம் வராம இருந்திருக்கலாம். எதிர் பக்கமும் சொல்லணும்ல, நாங்க ஊசி போட்டோம், நோய் வரல, அதனால ஊசி வேலை செஞ்சுச்சுன்னு சொல்றதும் இதே ஓட்டை வாதம்தான். பாஸ்டர் ஊசிக்கே இந்த பிரச்சனை இருந்துச்சு. 1894-ல ஷாம்பர்லான் கணக்கு போட்டார், 12 வருஷத்துல 17 லட்சத்துக்கு மேல செம்மறிக்கு ஊசி, சாவு 1 சதவீதத்துக்கும் கீழ, முன்னாடி 10 சதவீதம்னு. பிரமாதமாதான் இருக்கு, ஆனா அந்த முன்னாடி 10-ங்கிறது டாக்டருங்க கைக்கணக்கா சொன்னது, அதே வருஷம் அதே மேய்ச்சல்ல ஊசி போடாம விட்ட மந்தையோட ஒப்பிட்டது இல்ல. நான் அந்த 10-ஐ கொஞ்சம் தள்ளி வச்சுதான் படிப்பேன்.

ஊசியை நிறுத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு ரஷ்யாவுல யமால் பக்கம் போங்க, வடக்கு துருவத்துக்கு கிட்ட. அங்க ரெயின்டியர் மேய்க்கறவங்க நிறைய. பல வருஷமா நோயே இல்லைன்னு 2007-ல ரெயின்டியருக்கு ஊசி போடறதை நிறுத்திட்டாங்க. 2016 கோடையில அங்க நம்ம ஊர் மாதிரி வெயில், உறைஞ்ச மண்ணு இளகுச்சு, 2 ஆயிரத்துக்கு மேல ரெயின்டியர் செத்துச்சு, ஒரு 12 வயசு பையனும் போயிட்டான். அதுக்கப்புறம் திரும்ப ஊசி. வெயில் பாதி காரணம்னு வச்சுக்கிட்டாலும், ஒன்பது வருஷமா ஊசி படாத மந்தை இல்லைன்னா இவ்வளவு போயிருக்குமான்னு உங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க. ரொம்ப சண்டை போடாதீங்க, அவர் ஆடும் உங்க ஆடும் ஒரே ஏரிக்கரையில தானே மேயுது.

கேள்வி: ஆட்டு ரத்தத்தை டெஸ்ட் பண்ணி பாதுகாப்பு இருக்கா, ஊசி திரும்ப போடணுமான்னு பாக்க முடியாதா?
(ஈரோடு வாசகர், 200 செம்மறி வச்சிருக்கார்)

பதில்: ஆராய்ச்சில பண்றாங்க. எலிசாங்கிற ரத்த டெஸ்ட்ல விஷத்தோட முக்கிய பாகத்துக்கு எதிரா ஆன்டிபாடி (உடம்பு உண்டாக்கற எதிர்ப்பு பொருள்) எவ்வளவு இருக்குன்னு அளப்பாங்க. இன்னொன்னுல ஆட்டு சீரத்தையும் (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிஞ்ச தண்ணி) அடைப்பான் விஷத்தையும் கலந்து, லேப்ல வளத்த எலி செல் மேல ஊத்தி, செல் சாகுதா பிழைக்குதான்னு பாப்பாங்க, இதுல விஷத்தை நிஜமா முறிக்குதான்னே தெரிஞ்சுடும், அதனால எனக்கு இது மேல மதிப்பு அதிகம். இதெல்லாம் நல்லா வளந்தா கினி பிக்கை கொல்றதும் குறையும். ஆனா இவ்வளவு ஆன்டிபாடி இருந்தா இந்த செம்மறி சாகாதுன்னு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரு நம்பர் கையில இல்லாம, 200 ஆட்டுக்கு ரத்தம் எடுத்து என்ன பண்ணப்போறீங்க? பாதுகாப்பு சுமாரா ஒரு வருஷம் நிக்கும்னு வச்சு, நோய் வர்ற ஏரியாவுல வருஷத்துக்கு ஒரு தடவை, சீசனுக்கு ரெண்டுல இருந்து நாலு வாரம் முன்னாடி போடறதுதான் நடைமுறை. டெஸ்ட் காசுக்கு ஒரு நல்ல ஐஸ் பாக்ஸ் வாங்கி வைங்க.

கேள்வி: கோழிக்கும் அடைப்பான் ஊசி போடலாமா?
(செங்கம் வாசகி)

பதில்: வேண்டாம்மா, கோழிக்கு இது சாதாரணமா வராது, உடம்பு சூடு அதிகம். பாஸ்டரே 1878-ல ஒரு கோழியை குளிர்ந்த தண்ணில நிக்க வச்சு உடம்பு சூட்டை இறக்கி, அதுக்கப்புறம்தான் அடைப்பான் வர வச்சு காட்டினார். உங்க கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டாச்சான்னு மட்டும் பாருங்க.